பெண்ணின் வயது x என்க

கேட்காத கணக்குக்கு விடை சொல்கிற வியாதி எனக்கு உண்டு. அதனால் ஒருமுறை என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். யார் என்ன பேசினாலும் அதைச் சமன்பாடாக மாற்றிவிடுவேன். (பஸ் கண்டக்டர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.) இந்த லட்சணத்தில்தான் புளியங்குடிக்குப் பெண் பார்க்கப் போனேன். எலுமிச்சை வியாபாரியின் மகள் செல்வி. ஜாதகத்தோடு வந்த தாளில் வயது இருபத்துநான்கு என்றிருந்தது.

கேசரி வந்தது. செல்வியின் அம்மா பேச ஆரம்பித்தார்.

“எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருசம் ஆவுது. முதல் நாலு வருசம் பிள்ளையே இல்ல. கோமதியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டுப் பெத்த பிள்ளை இவ.”

எல்லோரும் உருகினார்கள். நான் பேனாவை எடுத்தேன். தாளின் பின்பக்கத்தில், ‘பெண்ணின் வயது x என்க’ என்று எழுதினேன். x + 4 = 30. ஆகவே, x = 26. விடைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

“இருபத்தாறுல்லா வருது,” என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

பெண்ணின் அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். என் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “சும்மா இருலே.”

“சரிபார்த்துட்டேம்மா. இருபத்தாறும் நாலும் முப்பது.”

அதுவரை தலைகுனிந்திருந்த செல்வி நிமிர்ந்தாள். “அத்தை, உங்க மகளுக்கு என்ன வயசு?”

பேச்சு மாறியதில் அம்மாவுக்கு நிம்மதி. “இருபத்தஞ்சு நடக்கு தாயி. இவனுக்கு ஏழு வருசம் கழிச்சுப் பொறந்தவ.”

“அந்தப் பேனாவக் கொஞ்சம் தாங்க.”

என் x-க்குக் கீழே அவள் எழுதினாள். மாப்பிள்ளையின் வயது y என்க. y − 7 = 25. y = 32.

“நீங்க எங்களுக்கு அனுப்புன தாள்ல இருபத்தொம்பதுன்னுல்லா போட்டிருக்கு,” என்றாள். “நாங்க ரெண்டுதான் குறைச்சோம். நீங்க மூணு.”

என் காதுமடல் கொதித்தது. வகுப்பில் நாற்பது பேரை முட்டி போட வைத்தவன், அன்றைக்கு நானே முட்டி போடத் தயாராக இருந்தேன். நல்லவேளையாக அவள் அப்பா சிரித்துவிட்டார். “ரெண்டு வீடும் ஒரே மாதிரிதான் இருக்கு. முடிச்சிருவோம்.”

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆயிற்று. எந்த விசேஷ வீட்டுக்கு நாங்கள் போனாலும், “வாத்தியார் வாராரு, யாரும் வயசைச் சொல்லிராதீங்க,” என்று வாசலிலேயே குரல் கேட்கும். என் மாமியார் மட்டும் இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தன் ஆதார் அட்டையை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் எனக்குச் சாப்பாடு போடுவார்.