டிங்டிங் மாஸ்டரின் நாலு மணி

தனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதை இன்னொரு பொருளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே மனிதரை நான் ஆம்பூரில்தான் பார்த்தேன். நாங்கள் வேலை செய்த ஷூ ஃபேக்டரியில் மதியச் சாப்பாட்டுக்குச் சைரன் ஊதியதும் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடுவோம். டிங்டிங் மாஸ்டர் மட்டும் தன் சட்டைப் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து ‘டிங் டிங்’ என்று சத்தம் வந்ததும் எடுத்துப் பார்ப்பார். ‘சாப்பாடு’ என்றிருக்கும். “அட, ஆமா இல்ல” என்று ஆச்சரியப்பட்டு எழுந்து போவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் எங்கள் சாம்பிள் ரூமுக்குப் பொறுப்பாளர். வெளிநாட்டு பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிறவர், அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் ஜோடி ஷூவைச் செய்து காட்டுவது அவர் வேலை. நான் மெர்ச்சண்டைசர். பையர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் திட்டுவதை மாஸ்டருக்கு மரியாதையான தமிழில் மாற்றிச் சொல்வதும் என் வேலை. ஆகவே நாள் முழுக்க அவரோடு மல்லுக்கட்டும் பாக்கியம் எனக்குத்தான் வாய்த்தது.

அந்த டிங் டிங், கைக்கு அடக்கமான ஒரு சாம்பல் நிற டிஜிட்டல் டைரி. இத்தாலியிலிருந்து அடிக்கடி வந்துபோகும் டெக்னீஷியன் ஒருவர் புது போன் வாங்கியதும் இதை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். குப்பையில் போட மனமில்லாமல் கொடுத்தார் என்பது எங்கள் கட்சி. பரிசாகக் கொடுத்தார் என்பது மாஸ்டர் கட்சி. பிறகு காலம் மாறி, லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்கள்கூட டச் போனில் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் அசையவில்லை. பேசுவதற்கு ஒரு பட்டன் போன், மற்ற எல்லாவற்றுக்கும் டைரி.

“இதெல்லாம் போன்லயே வருது மாஸ்டர். எதுக்கு இந்த டப்பாவ கட்டிக்கினு அழுவுறீங்க?” என்று கட்டிங் செக்‌ஷன் ரியாஸ் பாய் ஒரு நாள் கேட்டார்.

“போன்ல ஊர்ல இருக்கறவன்லாம் என்கிட்ட பேசுவான் பாய். இதுல நான் மட்டும்தான் என்கிட்ட பேசுவேன்” என்றார் மாஸ்டர். 

அதில் எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி உண்டு. அதைக் காதில் செருகி வைத்திருப்பார். தமிழையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுத வேண்டும், அதுவும் தனி எழுத்து. இங்கிலீஷ் ‘ஏ’ எழுத வேண்டுமானால் கூரை மாதிரி ஒரே கோடுதான் இழுக்க வேண்டும். நடுவே குறுக்குக்கோடு போட்டால் டப்பா ஒத்துக்கொள்ளாது. மாஸ்டர் வளைந்துகொடுத்தார். நாளடைவில் பேப்பரில் எழுதும்போதும் அப்படியே எழுத ஆரம்பித்தார். ஒரு முறை அவர் எழுதிக் கொடுத்த கேட் பாஸைப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர் எழுத்து மாஸ்டர்?” என்று செக்யூரிட்டி தோல் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய்ப் படித்துச் சொல்லி வண்டியை மீட்டுவந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பேஜாரான விஷயம் அதில் இருந்த போன் நம்பர்கள். சாம்பிள் ரூமில் லாஸ்ட் என்கிற கால் அச்சு, அட்டைப் பேட்டர்ன் என்று எல்லாமே சைஸ்படிதான் அடுக்கியிருக்கும். மாஸ்டர் மனிதர்களையும் அப்படியே அடுக்கிவிட்டார். யாருடைய நம்பரைக் கேட்டாலும் முதலில் அந்த ஆளின் கால் சைஸைச் சொல்ல வேண்டும். “அந்த பேங்க் மேனேஜர் நம்பர் குடுங்க மாஸ்டர்” என்றால், “நாப்பத்தொண்ணா, நாப்பத்திரெண்டா? பாத்தா அகலக் காலு மாதிரி இருந்துச்சே” என்று யோசிப்பார். அவருடைய அக்கா வீட்டுக்காரரை வயிற்று வலி என்று வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, நர்ஸ் விவரம் கேட்டதும் டைரியைத் திறந்து, “நாப்பத்திமூணு” என்று ஆரம்பித்தார். நர்ஸ் அதை வயது என்று எழுதிக்கொண்டார். மாமா அறுபதைத் தாண்டியவர். கடைசிவரை அதைத் திருத்த மாமா சம்மதிக்கவில்லை.

இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். ஷூவைப் போட்டுப் பார்க்கும் நேரத்தில் மாஸ்டர் முறைத்துக்கொண்டே நிற்கிறார் என்று அந்த இத்தாலிக்காரர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மாஸ்டர் தலையாட்டிவிட்டு டைரியில் எழுதிக்கொண்டார். எழுதியது ‘தினமும் பதினொரு மணி, சிரிக்கவும்’. அந்த வாரமே ஒரு லாட் ரிஜெக்ட் ஆகி, மேனேஜர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்தார். நடுவே டிங் டிங் என்றது. மாஸ்டர் எடுத்துப் பார்த்தார், பையில் வைத்தார், பல் தெரியச் சிரித்தார்.

“இன்னா மாஸ்டர் சிரிப்பு?” என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பதினொரு மணி சார்.”

இவ்வளவும் வேடிக்கைதான். நாலு மணி டிங் டிங் மட்டும் வேறு ரகம்.

அதற்கு முன் சாந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேடீஸ் சாம்பிள் என்றால் நாங்கள் முப்பத்தேழு சைஸில்தான் செய்வோம். அதைப் போட்டு நடந்து காட்டிக் குறை சொல்ல, பிசகில்லாத முப்பத்தேழு கால் ஒன்று வேண்டும். ஸ்டிச்சிங் லைனில் இருந்த சாந்திக்கு அந்தக் கால் இருந்தது. “கடவுளே லாஸ்ட் வச்சு செஞ்ச காலு மேடம்” என்பார் மாஸ்டர். பையர் வந்தால் சாந்தியைத்தான் கூப்பிடுவோம். மாதனூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். அப்பா போன பிறகு மெஷினில் உட்கார்ந்து தைத்தே தம்பியை இன்ஜினியர் ஆக்கி, கல்யாணமும் செய்துவைத்தவள். அந்த மும்முரத்தில் அவளுக்கும் ஒரு கல்யாணம் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாஸ்டரும் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த தனிக்கட்டை.

தினமும் டீ நேரத்தில், சரியாக நாலு மணிக்கு டிங் டிங் அடிக்கும். மாஸ்டர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். போருக்குப் போகிறவர் மாதிரி நேராக ஸ்டிச்சிங் லைனுக்கு நடப்பார். சாந்தி முன்னால் போய் நிற்பார்.

“ஷூ கடிக்குதா?”

“இல்ல மாஸ்டர்.”

திரும்பி வந்துவிடுவார். சாந்தியின் காலில் இருப்பதோ ரப்பர் செருப்பு. ஒரு நாள் அவர் டைரியை மேசையில் வைத்துவிட்டுப் போனபோது எட்டிப் பார்த்தேன். ‘சாந்தியிடம் பேசு’ என்றிருந்தது. திரும்பி வந்தவர் குச்சியால் தட்டி அதை மறுநாளைக்குத் தள்ளினார். வருடக் கணக்காகத் தள்ளிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபேக்டரி முழுக்க விஷயம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்த நாகரிகம் இருந்தது. எனக்குத்தான் பொறுமை இல்லை.

ஒரு புதன்கிழமை சாந்தி என்னிடம் வந்தாள். “இந்த சனிக்கெழமையோட நின்னுக்கறேன் மேடம். தம்பி ஓசூருக்கு வரச் சொல்றான். புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, கொழந்தைங்கள பாத்துக்க ஆள் வேணுமாம்.” அவள் முகத்தில் அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை.  நேராக சாம்பிள் ரூமுக்குப் போய் மாஸ்டரிடம் போட்டு உடைத்தேன். போனால் இனிமேல் அவளைப் பார்க்கவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் காதிலிருந்த குச்சியை உருவினார். பிறகு டைரியை எடுத்து எழுத ஆரம்பித்தார். “சனிக்கெழம நாலு மணி. இந்த தபா தள்ள மாட்டேன் மேடம்” என்றார். என்ன பேச வேண்டும் என்பதையும் வரி வரியாக அதிலேயே எழுதி வைத்தார். மூன்று நாளும் எழுதி எழுதித் திருத்தினார். அப்படி ஒரு பிடிவாதமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

அந்த டைரி சின்னப் பென்சில் செல்லில் ஓடும். பழைய செல்லைக் கழற்றினால் மளமளவென்று புதியதைப் போட்டுவிட வேண்டும், தாமதித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். மாஸ்டர் எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செல் மாற்றுவார். சனிக்கிழமை நாலு மணிக்கு டைரி காலை வாரிவிடக் கூடாது என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் காலையிலேயே திறந்து செல்லைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து இத்தாலிக்காரர் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது. “மாஸ்டர், ஓடியாங்க” என்று மேனேஜர் கத்தினார். புதுச் செல்லைக் கையில் பிடித்தபடியே மாஸ்டர் ஓடிப்போய், அதே கையால் அவருக்குக் கும்பிடு போட்டு, பேசி, காபி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

நான் உள்ளே போனபோது அவர் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு இன்னா தேதின்னு என்னியே கேக்குது மேடம்” என்றார்.

“பேசறதுக்கு எழுதி வச்சது?”

“எல்லாம் போய்டுச்சு.”

“போனா போவட்டும். நீங்களே நேரா போய் சொல்லுங்க மாஸ்டர்.”

“எத்தன மணிக்கு?”

எனக்கு வந்த கோபத்தில் மேசைமேல் இருந்த லாஸ்டை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். “இன்னிக்கு. அவ பஸ் ஏர்றதுக்குள்ள” என்றேன். மாஸ்டர் செத்த டைரியை டிராயரில் வைத்து மூடினார். “சரி” என்றார்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் சாந்தியைச் சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டோம். இத்தாலிக்காரர், மேனேஜர், நான், மாஸ்டர். கீழே விரித்திருந்த கார்ப்பெட்டில் சாந்தி கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு போய்வந்து நடந்து காட்டினாள். வழக்கம்போல மாஸ்டர் அவள் முன்னால் முட்டி போட்டு, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“கடிக்குதா?”

“நாலு மணிக்குதான கேப்பீங்க மாஸ்டர்? மணி இன்னும் ரெண்டுகூட ஆவல.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. மாஸ்டர் கட்டைவிரலை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த டப்பா நின்னுபோச்சு. இனிமே நானேதான் கேக்கணும். ஓசூர் போவாதீங்க சாந்தி. என்னைக் கட்டிக்கிறீங்களா? புடிக்கலன்னா அதையும் சொல்லிடுங்க. நாளைக்குத் தள்றதுக்கு இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

மேனேஜர் இருமினார். இத்தாலிக்காரர் என்னிடம், எங்கே இடிக்கிறது, முன்னாலா பின்னாலா என்று கேட்டார். மொழிபெயர்க்கத் தெரியாமல் நான் முழித்த ஒரே இடம் அதுதான்.

“தெனம் வந்து கேட்டீங்களே” என்றாள் சாந்தி. “ஒரு நாள் நான் கடிக்குதுன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?”

“வேற செஞ்சு குடுத்திருப்பேன்.”

“ரப்பர் செருப்புக்கா?”

“செஞ்சிருப்பேன்.”

சாந்தி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. “எனக்கு சம்மதம்தான். தம்பி நாளைக்குக் கூட்டிக்கினு போவ வர்றான். வூட்டுக்கு வந்து அவன்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க” என்றாள். ஷூ எங்கேயும் இடிக்கவில்லை என்று நான் இத்தாலிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சாம்பிளை ஓகே செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே மாஸ்டர் மாதனூரில் சாந்தி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். தம்பி பிடிகொடுக்கவில்லை. “அக்கா வந்தாதான் எங்க வூடு ஓடும் சார். இத்தன வயசுக்கு மேல அதுக்கு எதுக்கு கல்யாணம்?” என்றான். மாஸ்டர் டீயைக் குடித்துவிட்டு, “அடுத்த வாரம் வர்றேன் தம்பி” என்று கிளம்பினார். சாந்தி பெட்டியைக் கட்டவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல கம்பெனி பஸ் ஏறி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறும் தம்பி வந்தான், மாஸ்டரும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மழையில் நனைந்துகொண்டு போனார், ஜுரத்தோடு போனார். எந்த டிங் டிங்கும் இல்லாமல் போனார்.

கடைசியில் தம்பிக்கு அலுத்துவிட்டது. “நீங்க எப்பதான் சார் வர்றத நிறுத்துவீங்க?” என்று கேட்டான்.

“நிறுத்தணும்னு நான் எதுலயும் எழுதி வைக்கல தம்பி.”

 தம்பி உள்ளே திரும்பி, “அக்கா, சாருக்கு சோறு போடு” என்றானாம். அந்த வீட்டில் அதுவரை மாஸ்டருக்கு டீக்கு மேல் எதுவும் கிடைத்ததில்லை.

கல்யாணம் ஒரு வேலை நாளில் அமைந்துவிட்டது. ஸ்டிச்சிங் லைனில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸிலேயே மாதனூருக்குப் போய்விட்டார்கள். மேனேஜரே முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார் என்றால் நான் யாரைக் கேட்க முடியும்? ஷிப்மெண்ட் ஒரு நாள் தள்ளிப்போனது. தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடித்து எழுதுவதுதான் மெர்ச்சண்டைசர் பிழைப்பு. கரண்ட் இல்லை, தோல் வரவில்லை, மழை என்று விதவிதமாக எழுதிப் பழகிய கை இது. கல்யாணத்துக்குக் கட்டிப்போன புடவையோடு நானும் பஸ்ஸில் திரும்பி வரும்போதே போனை எடுத்துப் பையருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். ஒரு காரணமும் கண்டுபிடிக்கத் தோன்றவில்லை. “இன்று எங்கள் மாஸ்டருக்குக் கல்யாணம். ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். மாஸ்டர் விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.