எளிமைக் கமிட்டியின் ஏழு உருப்படிகள்

முற்றும் துறந்த ஒருவர் இந்த பம்பாய்ப் பட்டணத்தில் இருப்பாரானால், அவர் மாட்டுங்காவில், இரண்டாம் மாடியில், இதோ என் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நாகலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட துறவு. மூன்று கத்திகளில் இரண்டைத் துறந்துவிட்டார். நான்கு தண்ணீர்க் குப்பிகளையும் துறந்துவிட்டார். மடக்குக் கட்டிலைத் துறந்தபோது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. துறந்ததையெல்லாம் எங்கே வைப்பது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஞானிகள் கேட்கமாட்டார்கள். சமையலறையில் வைத்தார்.

ஞானியின் பெயர் ஜகந்நாதன், நாகலக்ஷ்மியின் புருஷர். கோட்டைப் பேட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். அது வயிற்றுக்காக. ஆத்மாவுக்காக அவர் 'மாட்டுங்கா ஸவுத் இண்டியன் ஷிகார் ஸொஸைட்டி'யின் பிரஸிடெண்ட். மெம்பர்கள் பதினொரு பேர். பதினொருவரும் வீட்டில் வெங்காயம் நறுக்கினாலே எழுந்து வெளியே போகிறவர்கள். ஆனால் வேட்டை வேறு, ஆகாரம் வேறு என்று முதல் மீட்டிங்கிலேயே ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குர்லாவில் ரயில் மாறி, செம்பூருக்கு அப்பால் இருக்கும் சதுப்பு நிலத்துக்கு உள்ளான் குருவி சுடப் போவார்கள். இதுவரை ஆறு வேட்டைகள் நடந்திருந்தன. உயிர்ச்சேதம் கிடையாது. ஒரு தெர்மாஸ் பிளாஸ்க் மட்டும் உடைந்தது. அதற்கு அனுதாபத் தீர்மானம் நிறைவேறியது.

யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. ராணுவம் கழித்துக் கட்டிய சாமான்களெல்லாம் 'டிஸ்போஸல்' என்ற பெயரில் சோர் பஜாரில் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. பர்மாவில் ஜப்பான்காரனை எதிர்க்க ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு தேவைப்பட்டதோ, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே செம்பூரில் ஒரு குருவியை எதிர்க்க ஜகந்நாதனுக்குத் தேவைப்பட்டது. நாற்பத்துமூன்று உருப்படிகள் சேர்ந்தன. துப்பாக்கி மட்டும் இல்லை. எந்த மாடல் உசத்தி என்பதில் கமிட்டிக்குள் அபிப்பிராய பேதம்.

அதனால் துப்பாக்கிக்காக கரீம் பாட்சாவைக் கௌரவ மெம்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். தாராவியில் தோல் பதனிடும் தொழில் அவருக்கு. லைசென்ஸ் உள்ள பழைய ரெட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஸொஸைட்டியோடு போன ஆறு தடவையும் அவரால் ஒரு தோட்டாகூட வெடிக்க முடியவில்லை. பதினொரு ஜோடி மிலிட்டரி பூட்ஸ் சேற்றில் இறங்கும்போதே குருவிகள் ட்ராம்பே தாண்டிப் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை மீட்டிங்கில் காரியதரிசி நாணு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரைக் கேட்டான்.

"பாட்சா பாய், நீங்க தனியாப் போறச்சே என்னென்ன சாமான் எடுத்துண்டு போவேள்?"

"துப்பாக்கி."

"அப்புறம்?"

"தோட்டா. ஒரு அஞ்சு."

"அப்புறம்?"

கரீம் பாட்சா யோசித்தார். "பீடி."

"சேத்துக்கு பூட்ஸ்?"

"செருப்பக் கழட்டிருவேன்."

"பசிச்சா என்ன பண்ணுவேள்?"

"என்ன நாணு இப்படிக் கேக்குற? வீட்டுக்கு வந்துருவேன்."

பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜகந்நாதன் கண்களை மூடிக்கொண்டார். காபி டம்ளர்களை எடுக்க வந்த நாகலக்ஷ்மிக்குத் தன் புருஷனை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டுவிட்டது என்று தெரிந்துவிட்டது. சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

அன்றைக்கே 'எளிமைக் கமிட்டி' உதயமாயிற்று. 'அநாவசிய உபகரணங்களைக் குறைத்து, மேலும் மேலும் நல்லதாக வாங்கும் சபலத்தை வெல்வது' அதன் லட்சியம். சபலத்தை வெல்ல வேண்டுமானால் சபலம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று கமிட்டி சரியாகவே கண்டுபிடித்தது. ஆகவே வாராவாரம் சோர் பஜாருக்குப் போய்ப் பயிற்சி செய்தார்கள். ஜகந்நாதன் அபாரமாகத் தேறினார். ஒரு சாயங்காலத்தில் பதினேழு சாமான்களைக் கையில் எடுத்துப் பார்த்துப் பதினைந்தை நிராகரித்துவிட்டு வந்தார்.

"இதென்னது புதுசா?" என்று நாகலக்ஷ்மி கேட்டாள்.

"புதுசுன்னு சொல்லப்படாது. மூணு பைக்குப் பதில் ஒரே பை. பத்தொம்பது ஜேபி. எளிமைக்காக வாங்கினது."

"அந்த மூணு பை?"

"ரிட்டையர் ஆயாச்சு."

மூன்று பைகளும் அரிசி டின்னின் மேல் பென்ஷன் வாங்க உட்கார்ந்தன. அடுத்த வாரம் பத்தொன்பது ஜேபி அதிகமென்று தோன்றிப் பன்னிரண்டு ஜேபிப் பை வந்தது. அதுவும் எளிமைதான். ஏழு ஜேபி குறைந்திருக்கிறதே. துறந்த சாமான்களைப் பத்திரப்படுத்த ஒரு தகரப் பெட்டியும், அந்தப் பெட்டியை வைக்க ஒரு ஸ்டாண்டும் வந்தன. கூடத்தில் எளிமை பிரமாதமாக விளங்கியது. வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். ஒருவராவது சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

நாகலக்ஷ்மி எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அவள் அங்கேதான் இருந்தாள். ஜன்னலோரம் ஒரு பலகையளவு இடம் அவளுக்கு மிஞ்சியிருந்தது. அதில் உட்கார்ந்துதான் ஹிந்திப் பரீட்சைக்குப் படித்தாள். பாஸ் பண்ணினால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு எடுக்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பின அன்று, முப்பத்துநாலு வயதில், தெருவில் தான் கொஞ்சம் வேகமாக நடந்ததை நாகலக்ஷ்மி யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை வருஷத்துக்கு இரண்டு முறை, எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. முதல் முறை, வேட்டைக்குப் பதினொரு பேருக்கும் புளியோதரை கட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் முறை, சேற்றில் ஊறித் திரும்பி வந்த பிரஸிடெண்டுக்கு ஜுரம். இரண்டு முறையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சுலபமாக இருந்தது என்பதை, மூன்றாம் முறை பணம் கட்டும்போது கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவது பரீட்சை நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு. ஏழாவது வேட்டையும் நாளைக்குத்தான்.

கூடத்தில் இறுதிப் பட்டியல் தாக்கலாகிக்கொண்டிருந்தது. நாணு எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நாப்பத்திமூணு உருப்படிகள் எளிமைக் கமிட்டியோட இடையறாத உழைப்பினாலே ஏழாக் குறைஞ்சிருக்குன்னு சொல்லிக்கறதிலே பெருமைப்படறேன். ஒண்ணு, துப்பாக்கி. பாட்சா பாயோடது. ரெண்டு, தோட்டா. மூணு, தொப்பி. நாலு, பைனாகுலர். அஞ்சு, கத்தி. ஆறு, பன்னண்டு ஜேபிப் பை, காலி. ஏழு, மாமி."

கைதட்டல் எழுந்தது. வாசற்படியில் நின்ற நாகலக்ஷ்மி, அந்த மாமி யார் என்று ஒரு கணம் யோசித்தாள்.

"ஏழுன்னா அம்மாவையா சொல்றீக?" என்று கரீம் பாட்சா கேட்டார்.

"ஆமாம். மாமி செம்பூர் ஸ்டேஷன் பக்கத்திலே ஒரு மரத்தடியிலே இருப்பா. பேஸ் காம்ப். மாமி வசம் ஸ்டவ், சீமெண்ணெய், தண்ணிக் குடம், டிபன், ஜமக்காளம் ரெண்டு, மாத்து வேஷ்டி பதினொண்ணு, மருந்துப் பெட்டி, மடக்குக் கட்டில்…"

"கட்டிலையா? கழிச்சாச்சுன்னீகளே."

"எங்க பட்டியல்லேர்ந்து கழிச்சாச்சு."

"அய்யரே, எனக்கு ஒண்ணும் விளங்கல. அம்மா கிட்ட இருக்கிறது மட்டும் முப்பது நாப்பது வரும் போலிருக்கே."

ஜகந்நாதன் பெருந்தன்மையோடு சிரித்தார். "பாய், அதையெல்லாம் உருப்படின்னு எண்ணப்படாது. அவள் ஒருத்திதான் உருப்படி. உங்க ஆத்திலே மாத்திரம் என்ன, நீங்க அஞ்சு தோட்டாவோட போறேள்னா, பின்னாலே யாரோ சோறு வடிச்சிண்டிருக்காளாக்கும்."

கரீம் பாட்சா தலையைக் குனிந்து ஜேபியில் பீடியைத் தேடினார். நாகலக்ஷ்மிக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஸொஸைட்டியின் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு குறி சரியாகப் பட்டிருக்கிறது.

"நாகு, கார்த்தால ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிடணும், கேட்டயா," என்றார் ஜகந்நாதன்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்குப் பரீட்சை."

"பரீட்சை எங்கே ஓடிப் போறது? ஆறு மாசத்துக்கொருதரம் வந்துண்டேதானே இருக்கு."

"உள்ளானும் வருஷா வருஷம் வந்துண்டேதான் இருக்கு."

யாரோ சிரித்து, பிரஸிடெண்டின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஜகந்நாதன் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தும்போது அவர் நல்ல மனுஷர் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் கஷ்டமாக இருந்தது.

"எல்லார் எதிர்க்கவும் இப்படிச் சொல்லாதே. எத்தனை பாடுபட்டு ஏழாக் கொண்டுவந்திருக்கோம். நீ வரல்லேன்னா மறுபடியும் நாப்பத்திமூணு ஆயிடும்."

"ஆகட்டுமே."

"ஆனா அதை யார் தூக்கறது?"

பதினொரு பேரும் அவளைப் பார்த்தார்கள். கேள்வி நியாயமானதாகவே அவர்களுக்குப் பட்டது. நாணு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, நோட்டில் என்ன பதிவது என்று காத்திருந்தான்.

"நீங்க ஒண்ணையும் இறக்கி வைக்கல்லை," என்றாள் நாகலக்ஷ்மி, டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே. "கை மாத்தினேள், அவ்வளவுதான். நான் வரல்லை. நாளைக்கு எனக்குக் கை ஒழியாது."