இலகு ஓட்டப் பாதையில் ஒரு வனசீவி

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கொழுந்து மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, சென்ற தை மாதம் 'இலகு மீட்பு ஓட்டம் மற்றும் வனசீவி அவதானிப்புப் பாதை' ஆகத் தரமுயர்த்தப்பட்டது. பாதை பழையதுதான். பலகை புதிது.

மீட்பு ஓட்டம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஓடிக் களைத்தவர்கள் அந்தக் களைப்புத் தீரத் திங்கட்கிழமை மெதுவாக ஓடுவது. நாங்கள் களைத்தால் உட்காருவோம். அது பழைய முறையாம். ஓடும்போது மூச்சு வாங்கக் கூடாது. வாங்கவில்லை என்று காட்டப் பேசிக்கொண்டே ஓட வேண்டும். வழியில் மிருகங்களையும் பார்க்க வேண்டும். பேச்சுச் சத்தத்தில் மிருகங்களெல்லாம் இரத்தோட்டைப் பக்கம் போய்விட்டன.

பலகையில் இருந்தது இவ்வளவுதான்: 'இப்பாதையில் இலக்கமிட்ட ஓட்டக்காரருக்கும் வனசீவிகளுக்கும் மாத்திரமே அனுமதி.'

புஷ்பவதி கொழுந்து பறிப்பவள். காலை ஏழரைக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்க வேண்டும். பிந்தினால் நாள் முழுக்கப் பறித்தாலும் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம். தார் ரோட்டால் சுற்றினால் மூன்று மைல். இரண்டு நாள் சுற்றினாள். இரண்டு நாளும் அரைப்பேர். மூன்றாம் நாள், பலகையடியில் குடை விரித்து மேசை போட்டிருந்த பாதை ஒருங்கிணைப்பு உத்தியோகத்தர் கஜீபனிடம் போனாள்.

"நானும் ஓடித்தான் போறேன் சேர். விடுங்க."

"மூச்சு வாங்குதே?"

"முதுகுல கூடை இருக்கே."

"அப்ப இலகு ஓட்டம் இல்ல. தகுதி இல்ல."

"முந்தாநாள் பன்னி போச்சு. அதுக்கு என்ன தகுதி?"

"அது வனசீவிம்மா. அதுக்கு அனுமதி தேவையில்ல."

"அப்ப என்னையும் அதுல போட்டுருங்க."

அவள் கோபத்தில் சொன்னாள். கஜீபன் யோசித்தார். மாத முடிவில் தலைமை அலுவலகத்துக்குப் பன்னிரண்டு வனசீவி இனம் காட்ட வேண்டும். கையில் இருந்தது ஒரு பன்றி. படிவத்தை எடுத்தார்.

"உணவு?"

"ரொட்டி, சம்பல்."

"தனியாவா, கூட்டமாவா?"

"கூட்டமா. பின்னால கங்காணி."

"ஆபத்தானதா?"

"பைப்புல தண்ணி வராத நாள்ல."

"எண்ணிக்கை கூடுதா, குறையுதா?"

"குறையுது சேர். இளசுங்க எல்லாம் கொழும்புக்குப் போயிருதுங்க."

"வாழிடம்?"

"மூணாம் நம்பர் லயம், அஞ்சாம் காம்பரா."

முத்திரை விழுந்தது. அடுத்த நாள் அவள் பாதையால் போனாள். ஓட்டக்காரர்கள் முப்பதடி தள்ளி நின்று படம் எடுத்தார்கள். 'மிக அருகில் கண்டோம், முறைத்தது' என்று ஒருவர் பதிவேட்டில் எழுதினார்.

ஏழு இருபதுக்கே பெரட்டில் நின்றாள். ஆனால் அவளை வனசீவியாகப் பதிந்த கடிதத்தின் பிரதி தோட்டத்துக்கும் போயிருந்தது.

"ஒனக்குப் பேர் போட ஏலாது," என்றார் பெரட்டு எடுக்கும் கணக்கப்பிள்ளை மாடசாமி. "செக்ரோல் பதிவுல மனுசங்க மட்டுந்தான். வனசீவிய வேலை வாங்கினா என்னைப் புடிச்சு உள்ள போடுவான்."

"அரைப்பேராச்சும் போடுங்கய்யா."

"அரை வனசீவின்னு சட்டத்துல ஒண்ணு இல்ல புள்ள."

திரும்பவும் கஜீபனிடம் வந்தாள்.

"மறுபடி மனுசியாக்கி விடுங்க சேர்."

வனசீவியாவதற்கு ஒரு படிவம். மனிதராவதற்குப் பதினொன்று. முதல் படிவத்திலேயே வதிவிடம் கேட்டார்கள். மூணாம் நம்பர் லயம் என்றாள்.

"இது செல்லாதும்மா. காணி உறுதி வேணும், நிலப் பத்திரம்."

"போன தடவை எழுதிக்கிட்டீங்களே?"

"அது வாழிடம். மிருகத்துக்கு அது போதும்."

"ஒங்ககிட்ட இருக்கா சேர், காணி உறுதி?"

கஜீபன் பேனாவைத் தேடினார். பேனா கையில்தான் இருந்தது.

புஷ்பவதி அன்றே மாத்தளைக்குப் பஸ் ஏறி ஒரு மனு எழுதிப் போட்டாள். ஒரே வரி. 'மேற்படி பாதையில் தினமும் நிற்கும் உத்தியோகத்தர் மனிதர் என்பதற்கு ஆதாரம் கோருகிறேன்.'

நியாயமான வினா என்று தலைமை அலுவலகம் கருதியது. பாதையில் கால் வைக்கும் சகலரும், பெரட்டு எடுப்போர் உட்பட, பதினொரு படிவமும் நிரப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கஜீபன் மாத்தளை டவுனில் வாடகை அறையில் இருக்கிறார். வீட்டுக்காரர் கடிதம் தர மறுத்துவிட்டார். மாடசாமியின் குவாட்டர்ஸ் தோட்டத்துடையது. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவும் அப்படித்தான். தோட்டமே குத்தகைக் காணி. ஓட்டக்காரர்களில் ஒருவருக்கு வீடு இருந்தது. உறுதி வங்கியில் அடகில் இருந்தது.

எல்லோரும் வனசீவிகளாகப் பதியப்பட்டார்கள்.

வனசீவிக்கு வனசீவி பேர் போடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மாடசாமி புரட்டிப் பார்த்துவிட்டு முழுப்பேர் போட்டார். புஷ்பவதி இப்போது பாதையால்தான் போகிறாள். படம் எடுக்க ஆளில்லை.

மாத அறிக்கை மேலே போனது. பாதை பெருவெற்றி, விருதும் உண்டாம். ஒரு குறை மட்டும். 'மனிதர்' என்ற இடத்தில் பூச்சியம்.

தலைமை அலுவலகம் கவலைப்பட்டு ஊரெங்கும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: 'இவ்வினத்தைக் கண்டவர்கள் உடனே அறியத்தரவும். காணி உறுதியின் பிரதியை இணைக்கவும்.'