வெந்நீர் சாரும் அவர் வளர்த்த கிருமிகளும்

கொடைக்கானலில் குளிருக்குப் பயந்து குளிக்காமல் இருந்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. தன் கிருமிகளுக்குக் குளிருமே என்று பயந்தவர் வெந்நீர் சார் ஒருவர்தான்.

எழுபதுகளில் செண்பகனூரில் நாங்கள் சில பிரம்மச்சாரிகள் சேர்ந்து ஒரு வீடு பிடித்திருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் பேரிக்காய் வரையக் கற்றுக்கொடுத்தேன். கூட இருந்த வெந்நீர் சார் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்தார். வடக்கே ஏதோ வெந்நீர் ஊற்றிலிருந்து அள்ளிவந்த இனம். கந்தகத்தைத் தின்னும், அமிலத்தைக் கக்கும், நல்ல சூட்டில்தான் பிழைக்கும். அதன் லத்தீன் பெயரை அவர் சொன்னால் வெந்நீர் கொப்பளிப்பது போலிருக்கும்.

ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து சிந்தியதை என் துண்டால் துடைத்தார். மறுநாள் துண்டில் ஜன்னல்.

"பாத்தீங்களா, எப்படி வேல செய்யுதுக" என்றார் பெருமையாக.

ஒரு கார்த்திகைப் புயலில் மரம் விழுந்து கரண்ட் போனது. ஆய்வுக்கூடத்துச் சூட்டுப்பெட்டி அணைந்துவிட்டது. விடிந்து பார்த்தால், எங்கள் வெந்நீர் அண்டாவில், அங்கிருந்து தூக்கிவந்த கிருமிப் பாட்டில்கள் கழுத்தளவு இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் தெர்மாமீட்டரும் கையுமாக அவர்.

"சார், வெரசா ஒரு வாளி விடுங்க. பூம்பாறைக்குப் பொண்ணு பாக்கப் போகணும்."

"தண்ணி கொறஞ்சா சூடு நிக்காதுங்க. எல்லாம் செத்துரும். இத்தன வருச ஆராய்ச்சி."

விறகு தள்ளிக்கொண்டிருந்த சமையல்கார பாக்கியம் அக்கா, இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், நியாயம் சொன்னார்: "பச்சத்தண்ணியில குளிங்க தம்பி. சூடா தேத்தண்ணி தாரேன். சாருக்கென்ன புள்ளகுட்டியா கெடக்கு? இதுகதானே."

குளித்தேன். அதைக் குளியல் என்பது மரியாதைக்கு.

பூம்பாறை போயும் நடுக்கம் நிற்கவில்லை. காபி டம்ளர் டவராவோடு தாளம் போட்டது. பாதிக் காபியை என் வேட்டி குடித்தது. பெண்ணின் அப்பாவான பூண்டு விவசாயி, தரகர் காதில் ரகசியமாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்:

"ஏலே, மாப்பிள்ளைக்குக் கைநடுக்கம்னு நீ சொல்லவே இல்லையே?"

"கூச்சமுங்க."

"கூச்சத்துக்குப் பல்லுமா ஆடும்?"

அத்தோடு சம்பந்தம் முடிந்தது.

சாயங்காலம் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. வெந்நீர் சார் வாசலிலேயே ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். விறகுப் புகையில் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கலங்கலா இருக்கு பாருங்க. அத்தனையும் உசிரோட இருக்குதுக. நீங்க போன சோலி என்னங்க ஆச்சு?"

"நல்லபடியா முடிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கலங்கல் தண்ணீரை நானும் அவரோடு கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.