தம்பி வீட்டுக்கு வைக்காத பாக்கு

அன்றைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தவர்கள்:

ஓய்வு பெற்ற தபால்காரர். குழுவுக்குத் தலைவர். நாற்காலி அவர் வீட்டிலிருந்து வந்தது.

தையல்கார அக்கா. செயலாளர்.

கோழிக்கடை பாய். பொருளாளர். குழுவிடம் பொருள் எதுவும் இல்லாததால் நிம்மதியாக இருந்தார்.

ஜீப் ஓட்டுகிற நான்.

வேலூரிலிருந்து வந்த ஒரு டாக்டர். கூட ஒரு நர்ஸ்.

நோயாளி ஒருவரும் இல்லை.

எங்கள் ஊர்த் தொண்டர் குழு நடத்திய முதல் மருத்துவ முகாம் அது. ஜவ்வாது மலையில் கொஞ்சம் கடைத்தெரு உள்ள ஊர் எங்களுடையது. சுற்றிலும் சின்னச் சின்ன ஊர்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் சிலவற்றுக்கு நடந்துதான் போக வேண்டும். டாக்டர் வந்தாலும், ரேஷன் அட்டைக்கு ஆள் வந்தாலும், மாட்டுக்கு ஊசி வந்தாலும் அந்த ஜனங்களுக்குச் சொல்லி, அழைத்து வந்து, வேலையை முடித்து, திரும்ப வீட்டில் விடுவது குழுவின் வேலை. சம்பளம் கிடையாது. டீ உண்டு, அவரவர் காசில்.

என் ஜீப்பில் மைக் கட்டி எல்லா ஊரிலும் கத்திவிட்டுத்தான் வந்திருந்தோம். ஜனங்கள் நின்று கேட்டார்கள். தலையாட்டினார்கள். வரவில்லை. டாக்டருக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. எங்களையே சோதித்தார். தபால்காரருக்கு ரத்தக் கொதிப்பு. பாய்க்குச் சர்க்கரை. சேவை செய்ய வந்தவர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்கள்.

டாக்டர் மூட்டை கட்டும்போது ரோட்டில் போன ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தோளில் துண்டு. கக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம். என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னோம்.

"பாக்கு வெச்சீங்களா?" என்றார்.

இல்லை என்றோம்.

"அப்புறம் எப்டி வருவாங்க? ரோட்ல ஜீப்பு கத்துச்சுன்னு ஓடியாற அவங்க இன்னா கோழியா?"

பாய் மட்டும் சிரித்தார். தலைவர் அந்த இடத்திலேயே அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

இந்த மலையில் மனிதரை அழைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் யாரும் இருந்ததாகக் கேள்விப்படவில்லை. பின்னால் வந்தவர்களை நானே பார்த்துவிட்டேன்.

ஆதார் அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் அவர் தெருவிலேயே ஆள் தெரியாது. தாம்பாளம் என்றால் மலை முழுக்கத் தெரியும். சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர். ஆனால் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றாலும் அந்த வீட்டாரோடு கூடப் போய் வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைப்பது அவர்தான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தாம்பாளத்திலிருந்து பாக்கைக் கையில் எடுத்துவிட்டால் அந்த வீடு வந்தாக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால், எவ்வளவு பெரிய விசேஷமானாலும் அந்த வீடு வராது. அதற்கு மேல் பேச்சில்லை.

இதை அவர் அப்படியே முகாமுக்குக் கொண்டு வந்தார். படவேட்டுப் பக்கம் போகிறவர்களிடம் வெற்றிலை வாங்கி வரச் சொல்வார். வாசலில் போய் நிற்பார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். குடித்த பிறகுதான் விஷயம். நான் ஜீப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம நம்ம பள்ளிக்கூடத்துல குடல்புழு மாத்திரை குடுக்கறாங்க. நீங்க குடும்பத்தோட முன்னாடியே வந்து, கூட நின்னு நடத்திக் குடுக்கணும்."

வந்தார்கள். குளித்து, எண்ணெய் தடவி, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டி, பிள்ளைகளுக்குப் பொட்டு வைத்து வந்தார்கள். வெறுங்கையோடும் வரவில்லை. ஆளுக்கொரு பூசணி, அவரை, மொச்சை, பாட்டிலில் தேன். டாக்டர் மேசையில் மருந்து வைக்க இடமில்லை. ஊசி போட்டுக்கொண்ட ஒரு பாட்டி டாக்டரின் தலையில் கை வைத்து, பிள்ளை குட்டியோடு நன்றாக இரு என்று வாழ்த்தினாள். டாக்டருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

தொந்தரவும் இருந்தது. நர்ஸ் டோக்கன் கொடுத்து முதல் நம்பரைக் கூப்பிட்டார். ஒரு இளவட்டம் எழுந்தான். தாம்பாளம் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மாமன் முறைக்காரர் பின்னால் உட்கார்ந்திருக்க, மச்சான் முதலில் எப்படி ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டார். நர்ஸ் நம்பரைக் காட்டினார். அவர் உறவைக் காட்டினார். கடைசியில் உறவுப்படிதான் ஊசி நடந்தது. அதில் ஒரு பெரியப்பா பயந்து வாசலுக்கு ஓடியதால் சின்னப்பாக்கள் எல்லாரும் காத்திருந்தார்கள்.

தெருவிளக்கு எரியவில்லை என்று லைன்மேனுக்குப் பாக்கு வைத்தார். அவர் பெண்சாதியோடு வந்து பல்ப் மாட்டினார். பஸ் வராத ஊருக்கு வர வேண்டும் என்று பஸ்ஸின் பானெட்டில் தாம்பாளத்தை வைத்தார். டிரைவர் வெற்றிலையை மென்றபடி ஒரே ஒரு நாள் வந்து திரும்பினார். கோமாரி ஊசிக்குப் பாக்கு வைக்கப் போன இடத்தில் வீட்டுக்காரர் இல்லை. மாடு தலையை நீட்டி வெற்றிலையைத் தின்றுவிட்டது.

"யார் விசேஷமோ அவங்களே எடுத்துக்கினாங்க" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படி எல்லா வீட்டுக்கும் போனவர், ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு முள்வேலி. அங்கே இருந்தது அவருடைய சொந்தத் தம்பி.

தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, தம்பிக்குக் காய்ச்சல். அண்ணன் வீட்டுக்குத் தான் போகாமல் மச்சானிடம் பாக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஊருக்கே பாக்கு வைக்கிறவருக்கு ஆள் மூலமாகப் பாக்கு. தாம்பாளம் அதை எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் சாமை விதைத்தார்கள், அறுத்தார்கள். பேச்சில்லை.

அந்தத் தம்பிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. குடத்துக்கு வெளியே தண்ணீர் ஊற்றினார். வரப்பை விட்டு இறங்கி நடந்தார். ஊருக்கு வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் முற்றிவிட்டது, வலி வருவதற்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று அவர் பெண்சாதியிடம் சொன்னார். அந்த மாதமே எங்கள் குழு கண் முகாம் வைத்தது. வருகிறவர்களை வேனில் அமிர்தி வழியாக வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து அனுப்புவார்கள். செலவில்லை.

தாம்பாளம் ஊர் ஊராகப் பாக்கு வைத்தார். தம்பி வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார். தையல்கார அக்கா கேட்டுப் பார்த்தார். தபால்காரர் கோபித்துக்கொண்டார். தாம்பாளம் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே இருந்தார். என்னிடம் மட்டும் ஜீப்பில் வரும்போது சொன்னார்.

"அவன் வந்து என் வூட்டு வாசல்ல நிக்கட்டும், டிரைவரு. அப்புறம் நான் போறேன்."

சரி, நான் பாக்கு வைக்கிறேன் என்று ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"அன்னிக்கு நான் ஆள் அனுப்புனேன். தப்புதான். அதுக்கு இன்னிக்கு அவரு ஆள் அனுப்பறாரா?"

அவர் அனுப்பவில்லை, நானாக வந்தேன் என்றேன்.

"அப்ப இன்னும் மோசம்" என்றார்.

முகாம் வேண்டாம், என் ஜீப்பிலேயே வேலூர் போகலாம் என்றும் சொன்னேன். ஊரையே கூப்பிட்டு என்னை விட்டார்கள், நான் திருட்டுத்தனமாகப் போய்க் காட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். அவர் பெண்சாதி அழுதாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

முகாமுக்குப் பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். தாம்பாளம் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று வரவேற்றார். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது. கண் மட்டும் ரோட்டு வளைவில் இருந்தது. வேன் புறப்படும்வரை அந்த வளைவில் தம்பி வரவில்லை. இவரும் போகவில்லை. கூப்பிடாமல் போகக்கூடாது என்பது ஒருவருக்கு. கூப்பிடப் போகக்கூடாது என்பது இன்னொருவருக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பீடி பிடிக்கிற தூரம் கூட இல்லை.

போனவர்கள் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எதிரே வருகிற ஆடு யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்லிச் சந்தோஷப்பட்டார். தம்பி அதை உட்கார்ந்து கேட்டார். மழை வந்து போனது. சாமை அறுத்தாயிற்று.

புளி உலுக்குகிற சமயத்தில் வலி வந்தது. தம்பி தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறார் என்று காலையில் அவர் பெண்சாதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். புளி மூட்டை ஏற்ற நான் ஜீப்போடு போயிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். தாம்பாளம் பக்கத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். கோலைக் கீழே போட்டார். உள்ளே போனார். முகம் கழுவி, வேட்டி மாற்றி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்து வந்தார். வெற்றிலை வாடிப்போனது. அதுதான் இருந்தது.

வேலியைச் சுற்றிப் போய்த் தம்பி வாசலில் நின்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்த நேரத்திலும் அதை விடவில்லை. பிறகு சொன்னார்.

"தம்பி, இன்னிக்கு வேலூர்ல உனக்குக் கண்ணு வைத்தியம். நீ குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

தம்பி கையை நீட்டினார். கை தாம்பாளத்துக்குப் பக்கத்தில் போயிற்று. மறுபடி நீட்டினார். மறுபடி தவறியது. தாம்பாளம் தட்டை நகர்த்தி அந்தக் கைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அவர் தட்டை நகர்த்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எடுக்கிறவர்தான் கையை நீட்ட வேண்டும் என்று ஊரெல்லாம் சட்டம் பேசியவர்.

ஜீப்பில் இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். அமிர்தி தாண்டியதும் தம்பிக்கு வாந்தி வந்தது. அண்ணன் துண்டை நீட்டினார்.

வலது கண் போய்விட்டது என்றார் டாக்டர். சில மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். தாம்பாளம் எழுந்துகொண்டார். வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். கையிலேயே ஆறியது.

"நான் எவ்ளோ வூட்டுக்குப் போய்ட்டு வந்தேன், டிரைவரு" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் முகாமுக்குப் பாக்கு வைக்கவில்லை. குழு போய்க் கேட்டது. என் கை அதற்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டார். நாங்கள் வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தோம். செய்தி போட்டால் எல்லாரும் கும்பிடு போடுவார்கள். முகாமன்று பாயும் நானும் தையல்கார அக்காவும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஒரு தடவை அக்காவே தாம்பாளம் எடுத்துக்கொண்டு போனார். பாதி வீடு வந்தது. தண்ணீர் குடிக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று மீதிப் பேருக்கு வருத்தம்.

தாம்பாளத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது. தம்பி கண்ணில் கட்டுப் பிரித்த அன்று வேலூர் நர்ஸ், எட்டி நின்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டுப் பாருங்கள், தப்பாகச் சொன்னால் உடனே கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார். அவர் சும்மா ஒரு வாரத்துக்குச் சொன்னது. தாம்பாளம் விடவில்லை. தினம் விடிந்ததும் வேலியோரம் வந்து நின்று விரலைத் தூக்குவார்.

"எத்தினி?"

தம்பி சொல்வார். சரியாக இருந்தால் இவர் போய்விடுவார். வேறு பேச்சு கிடையாது. நாளாக ஆகத் தள்ளித் தள்ளி நின்றார். பிறகு புளிய மரத்தடியிலிருந்து காட்டினார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம். என் ஜீப்பை மறித்து நிறுத்திவிட்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். உள்ளே இருக்கிற ஜனங்கள் இவர் யாரிடம் ஓட்டுக் கேட்கிறார் என்று பார்ப்பார்கள். தம்பிக்குச் சலித்துப்போய் ஒருநாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். இவர் மாலைக்குள் ஜீப்பைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதோடு தம்பி விளையாடவில்லை.

போன மார்கழிப் பனியில் தாம்பாளத்துக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நான்தான் ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டு வந்தேன். மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அன்று காலையில் நான் போனபோது தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடிந்து நேரமாகியிருந்தது. தாம்பாளம் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. கண்ணால் கதவுப் பக்கம் காட்டினார். தம்பிக்குப் புரிந்தது. எழுந்து போய் வாசற்படியில் நின்று திரும்பினார்.

நன்றாக இருந்த கை போர்வைக்கு வெளியே மெதுவாக வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தம்பி ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பிறகு, பக்கத்து ஊருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"மூணு."