சார் சொன்ன மூன்று பதில்கள்

இந்தச் சனிக்கிழமை குற்றாலத்தில் குளித்தே தீருவது என்று காந்திமதிநாதன் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம், தென்காசியில் அவர் வீட்டுக் குளியலறை. அப்போது அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது வாளித் தண்ணீர்.

மெயின் அருவியில் குளிக்கப் போட்டிருந்த தடையை நீக்கிவிட்டார்கள். ஊரே வாட்ஸ்அப்பில் படம் போட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகலாம்தான். ஆனால் ஞாயிறு என்றால் மனைவி உமா மகேஸ்வரியும் வருவாள். அவள் பெண்கள் பக்கம் குளித்து முடிக்கும்வரை, கைப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் கரையில் காவல் நிற்க வேண்டும். அதற்குப் பயந்தே ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு காரணம் சொல்லி அவளை வீட்டிலேயே நிறுத்தி வந்தார். ஒரு வருஷம் கூட்டம். ஒரு வருஷம் வழுக்கல். போன வருஷம் மலைப்பாம்பு. அந்தப் பாம்பு பெண்கள் பக்கம் மட்டுமே விழுந்தது என்று அவர் சொன்னதை உமா நம்பிவிட்டாள் என்று அவர் நம்பினார்.

சனிக்கிழமையிலும் ஒரு சிக்கல் இருந்தது. காந்திமதிநாதன் வணிகவியல் பேராசிரியர். அவருடைய கல்லூரி ஆன்லைனில் எம்.காம். நடத்தியது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தணிக்கைப் பாடம். வீட்டிலிருந்தபடியே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நடத்துவார். அந்த வகுப்பில் மாணவியாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி உமா. ஊழியர் குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை என்று சேர்த்துவிட்டார். சலுகையில் சேர்ந்தவள் என்றால் சும்மா இருக்க வேண்டாமா? வகுப்பில் வாயைத் திறந்து கேள்வி கேட்கும் ஒரே ஜீவன் அவள்தான். மற்றவர்கள் கேமராவையும் அணைத்து, மைக்கையும் அணைத்து, அநேகமாகக் கண்ணையும் மூடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வாரம் பார்த்துத்தானா பிரின்சிபால் சுகிர்தம் மேடம் வகுப்பைப் பார்வையிட வருகிறேன் என்று சொல்ல வேண்டும்? அந்த அம்மாள் ஒரே வரியில் உத்தரவு போட்டிருந்தார். வகுப்பு நேரலையாக நடக்க வேண்டும். ரெக்கார்டு போட்டு ஏமாற்றினால் அன்றைக்கே வீட்டுக்கு. போன மாதம் ஒருவர் சாயங்கால வகுப்பில் "குட் மார்னிங்" சொல்லி, அதோடு வேலையை இழந்தார்.

காந்திமதிநாதன் அந்த மாதிரி அசடு இல்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். கேமராப் படத்துக்குப் பதிலாக வீடியோவை ஓடவிடும் வித்தையை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைக்கதவைத் தாழிட்டு, முழுப் பாடத்தையும் பேசிப் பதிவு செய்தார். இடையில் மூன்று இடங்களில் நிறுத்தி, "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, பதிலும் சொன்னார். கேள்வி? அதற்குத்தான் பெண்டாட்டி இருக்கிறாளே.

"உமா, நாளைக்குப் பிரின்சிபால் வருதாக. நான் நிறுத்துத எடத்துல எல்லாம் நீ ஒரு கேள்வி கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"மொதல்ல, சின்ன நிறுவனத்துக்கும் உள்தணிக்கை வேணுமான்னு கேளு. ரெண்டாவது, பணம் வாங்குத ஆளே கணக்கும் எழுதலாமான்னு கேளு. மூணாவது, இந்தப் பாடத்தை மொத செமஸ்டர்லயே வச்சிருக்கலாமேன்னு கேளு. பாடத்திட்டம் போட்டது நான்தானே, கொஞ்சம் பணிவாப் பதில் சொன்னா மேடத்துக்குப் புடிக்கும்."

"வார்த்தை மாறாமக் கேக்குதேன்" என்றாள் உமா.

அவ்வளவு சுலபத்தில் அவள் எதற்கும் தலையாட்டியதே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். மனிதருக்கு அருவி ஞாபகம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீடியோவை ஓடவிட்டார். அறைக்கதவை உள்பக்கம் தாழிட்டார். அந்த அறைக்கே இருந்த பின்வாசல் வழியாக வெளியேறி, அந்தக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். உள்ளே அவர் குரல் கணீரென்று தணிக்கை நடத்திக்கொண்டிருக்க, வெளியே அவரே பூனை நடை நடந்து, தெருமுனையில் காத்திருந்த அரிசிக்கடை தளவாயின் பைக்கில் ஏறினார்.

"அண்ணாச்சி, ஒம்ம மூளையை மியூசியத்துல வைக்கணும்வே" என்றார் தளவாய்.

"பேசாம வண்டியை விடும்" என்றார் இவர். ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

குற்றாலம் சாரலில் நனைந்து கிடந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும் ஆள் உச்சந்தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்து, தபதபவென்று தட்ட ஆரம்பித்தான். காந்திமதிநாதன் துண்டோடு உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட செல்போனில் தன் வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்புக்கே வராத நல்லதம்பி என்ற மாணவனின் பெயரில் உள்ளே நுழைந்திருந்தார். காதில் இயர்போன். திரையில் தானே பேசும் அழகைத் தானே ரசிப்பது தனிச் சுகம். பிரின்சிபாலின் பெயரும் வந்துவிட்டது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

திரையில் இருந்தவர் நிறுத்தினார். "சந்தேகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றது உமாவின் குரல். "ஒரு கூட்டு நிறுவனம். ரெண்டே பங்குதாரர். ஒருத்தர் சீசன் வந்தா தனியா அருவிக்குப் போயிருதாரு. இன்னொருத்தருக்கு மலைப்பாம்பு கதை சொல்லுதாரு. அந்த இன்னொருத்தரை நாளைக்கே அருவிக்குக் கூட்டிட்டுப் போகணுமா, வேண்டாமா?"

எண்ணெய்க்காரனின் கைக்குள் காந்திமதிநாதனின் கழுத்து விறைத்தது.

"நல்ல கேள்வி உமா" என்றார் திரையில் இருந்த காந்திமதிநாதன், புன்னகையோடு. "கண்டிப்பா. அதுல என்ன சந்தேகம்? எல்லாரும் குறிச்சு வச்சுக்கோங்க."

"நன்றி சார். நல்லதம்பியும் குறிச்சுக்கோங்க. என்ன அதிசயமோ, இன்னைக்குத்தான் வகுப்புக்கு வந்திருக்கீங்க."

நல்லதம்பி யார் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது. பிரின்சிபால் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் போதும். திங்கட்கிழமை அவர் தளவாயின் கடையில் அரிசி அளக்க வேண்டியதுதான்.

"வே தளவாய்! வண்டியை எடும்!"

"குளிக்காண்டாமா?"

"குளிச்சாச்சு வே, குளிச்சாச்சு! எடும்!"

எண்ணெய் சொட்டச் சொட்ட, துண்டுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கின் பின்னால் தொற்றினார். அருவி பின்னால் ஆரவாரமாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு அவர்மேல் படவில்லை.

பாதி வழியில், மேலகரத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. குற்றாலத்துக்குப் போகும் வேன், கேரளாவுக்குப் போகும் லாரி, நடுவில் நுழையப் பார்த்த மினிபஸ். இந்தப் பக்கமும் அசையவில்லை, அந்தப் பக்கமும் அசையவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே, இயர்போனைக் காதுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மைக்கைத் திறந்து உமாவிடம் கெஞ்சலாமா? திறந்தால் வகுப்பு முழுக்க லாரி ஹாரன் கேட்கும். போதாக்குறைக்குத் திரையில் ஒரு காந்திமதிநாதன், பைக்கில் ஒரு காந்திமதிநாதன் என்று ஆகிவிடும்.

திரையில் இருந்தவர் இரண்டாவது முறை நிறுத்தினார்.

"சார், அந்தப் பங்குதாரர் வேலை நேரத்துல, வேலை பாக்குத மாதிரி பாவலா காட்டிட்டு, வேற எங்கயாவது போகலாமா?"

"இல்ல, இல்ல. கூடவே கூடாது. அது நம்பிக்கைத் துரோகம்" என்று அடித்துச் சொன்னார் அந்தப் பாவி. பணம் வாங்கும் ஆளே கணக்கும் எழுதுவதைப் பற்றி நேற்று எவ்வளவு ஆவேசமாகச் சொன்னோம் என்று நினைத்து இவர் நொந்துகொண்டார். பிரின்சிபால் பெயருக்குப் பக்கத்தில் கைதட்டும் பொம்மை ஒன்று எழும்பி மறைந்தது.

"அண்ணாச்சி, மூஞ்சியெல்லாம் வேர்க்குதே?" என்றார் தளவாய்.

"எண்ணெய் வே."

அடுத்து வந்ததுதான் உண்மையான இடி. பிரின்சிபால் மைக்கைத் திறந்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம். நானும் ஒண்ணு கேக்கலாமா?"

திரையில் இருந்தவர் நிறுத்தவில்லை. அவர்பாட்டுக்கு வவுச்சர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.

"சார்? காந்திமதிநாதன் சார்? நான் பேசுறது கேக்குதா?"

முடிந்தது கதை. இத்தனை வருஷ வேலை. பென்ஷன். கௌரவம். எல்லாம் ஒரு கிண்ணம் எண்ணெய்க்காகப் போகிறது. காந்திமதிநாதன் மேலகரம் நடுரோட்டில் கண்ணை மூடிக்கொண்டார். அருவிக்கரையில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

திடீரென்று குரல் நின்றது. கண்ணைத் திறந்தார். திரையில் அவர் முகம், வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றது.

"மேடம், சாருக்கு நெட்டு இழுக்குது" என்றாள் உமா. "நீங்க கேளுங்க மேடம், வந்துருவாரு."

"ஓ, சரிம்மா. சார், மாணவர்கள் முகத்தையே பாக்காம, தான்பாட்டுக்குப் பேசிட்டுப் போறது வகுப்பு ஆகுமா?"

உறைந்த முகம் ஒரு துள்ளு துள்ளியது. "இல்ல, இல்ல. கூடவே கூடாது. அது நம்பிக்கைத் துரோகம்."

"அருமை சார்!" என்றார் பிரின்சிபால்.

காந்திமதிநாதன் போனை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தார். நேற்று இதை ஒரே ஒரு தடவைதானே சொன்னோம்? இரண்டாவது தடவை எங்கிருந்து வந்தது? வீடியோவுக்கு உயிர் வந்துவிட்டதா? யோசிப்பதற்குள் மினிபஸ் நகர்ந்தது. தளவாய் சந்து கிடைத்த இடமெல்லாம் புகுந்து பறந்தார்.

வீட்டுத் தெருவில் திரும்பும்போது மூன்றாவது நிறுத்தம் வந்தது.

"கடைசியா ஒண்ணு சார். அந்த ரெண்டாவது பங்குதாரருக்குச் செங்கோட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை தாறோம்னு ரொம்ப நாளாக் கூப்பிடுதாங்க. மொதல் பங்குதாரர் பார்ப்போம், பார்ப்போம்னு சொல்லியே இழுத்தடிக்காரு. அவளைத் திங்கக்கிழமையே அனுப்பி வைக்கணும்னு நான் சொல்லுதேன். நீங்க என்ன சொல்லுதீங்க?"

"முழு மனசோட ஒத்துக்கிடுதேன்" என்றார் திரையில் இருந்தவர், நெஞ்சில் கை வைத்து. "இதை முன்னாடியே செஞ்சிருக்கணும். தப்பு என் பேர்லதான்."

பணிவு அதிகமாகிவிட்டது என்று நேற்றே நினைத்தார். மாற்றினாரா?

பைக்கிலிருந்து குதித்துப் பின்வாசலுக்கு ஓடினார். சட்டைப்பையில் சாவியைத் தேடியவர் அப்படியே நின்றார். கதவு திறந்து கிடந்தது. பூட்டு கொண்டியில் தொங்கியது. அதில் இன்னொரு சாவி.

உள்ளே அவருடைய நாற்காலியில் உமா உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன். ஒரு கை செல்போனில், ஒரு கை லேப்டாப்பில். திரையில் காந்திமதிநாதன் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடித்ததும் உமா வகுப்பை மூடினாள்.

"வாங்க நல்லதம்பி. அட்டெண்டன்ஸ் போட்டாச்சு."

"ஏட்டி... எப்படி ஒனக்கு..."

"நேத்து நீங்க கதவைச் சாத்திட்டுப் பேசும்போது நான் அடுப்படியில பூண்டு உரிச்சுட்டு இருந்தேன். 'நல்ல கேள்வி உமா'ங்குதீய. நான் எங்க கேள்வி கேட்டேன்? கேள்வி இல்லாமப் பதிலு மட்டும் வந்தா என்ன அர்த்தம்? தணிக்கைப் பாடத்துல நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பிரின்சிபால். உமாவே ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"சார், இன்னைக்கு வகுப்பு பிரமாதம்! வீட்டு விஷயத்தை வச்சு எவ்வளவு அழகா நடத்துறீங்க. அதுலயும் அந்த மூணாவது பதில், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரெக்கார்டு போட்டு ஏமாத்துறவங்களுக்கெல்லாம் உங்க வகுப்பைத்தான் போட்டுக் காட்டப் போறேன்."

"நன்றி மேடம்" என்றார், காதுமடலில் எண்ணெய் வழிய. போன் அணைந்ததும் குரலை உயர்த்தினார். "இங்க பாரு, அதெல்லாம் நான் சொல்லவே இல்ல. வேற கேள்விக்குச் சொன்ன பதிலு அது. செல்லாது!"

"அப்படியா?" உமா அவர் போனை எடுத்து நீட்டினாள். "அப்ப அதை மேடத்துகிட்டயே ஒரு வார்த்தை சொல்லிருங்க. இப்பத்தான வச்சாங்க, ஒடனே எடுப்பாங்க."

காந்திமதிநாதன் போனைப் பார்த்தார். உமாவைப் பார்த்தார். பிறகு பூட்டில் தொங்கிய சாவியைப் பார்த்தார். போனை வாங்கவில்லை.

"அப்ப சரி. நாளைக்குக் குற்றாலம். கைப்பை கனக்கும், ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிடுங்க. திங்கக்கிழமை காலையில எனக்குச் செங்கோட்டைக்கு ரயிலு. எனக்கு முன்னாடி எந்திரிச்சு காப்பி போட்டு, சாப்பாடும் கட்டித் தந்துருவீய, இல்லையா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் உமா லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"நல்ல கேள்வி உமா. கண்டிப்பா. அதுல என்ன சந்தேகம்? எல்லாரும் குறிச்சு வச்சுக்கோங்க."