சகலனின் பூட்டனும் என் பூட்டனும் போட்டிருந்த கோட்

இயேசு மரி சூசை துணை

எசன், ஜெர்மனி,
14 நவம்பர் 2004

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய திரேசக்கா அறிவது,

தேவதாயின் கிருபையால் இங்கே நானும் ரஞ்சினியும் மகள் மெலனியும் சுகம். அங்கே உங்கள் சுகமும் அத்தானின் முழங்கால் சுகமும் அறிய விருப்பம். சுகம் என்று எழுதியது கடித வழக்கத்துக்காக. உண்மையில் இரண்டு கிழமையாகச் சாப்பாடு இறங்கவில்லை. டொக்டரிடம் போகவும் ஏலாது, ஏனென்றால் வருத்தத்தின் பெயர் அல்பிரட்.

அல்பிரட்டை உங்களுக்குத் தெரியும். ரஞ்சினியின் தங்கை வதனியைக் கட்டிய என் சகலன், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறவன். எனக்கு முன் கார் வாங்கினான், எனக்கு முன் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தான், எனக்கு வழுக்கை விழுந்து இத்தனை வருடமாகியும் அவனுக்கு ஒரு மயிர் கொட்டவில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சண்டை நின்றிருக்கிறதென்று போன வருடம் ஊருக்குப் போனானே, எல்லோரும் கோயிலுக்குப் போனால் மெழுகுதிரி கொளுத்துவார்கள், இவன் தங்கள் கோயில் சுவாமியாரைப் பிடித்து ஞானஸ்நானப் புத்தகம், விவாகப் புத்தகம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகக் கமராவில் படம் பிடித்துக்கொண்டு வந்து, ஏழு தலைமுறைக்குக் குடிவழி மரம் கீறிக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டான். நான் கிட்டப் போய் வாசித்தேன். மரியாம்பிள்ளையின் மகன் சவிரிமுத்து, சவிரிமுத்துவின் மகன் மரியாம்பிள்ளை, அவருடைய மகன் மறுபடியும் சவிரிமுத்து. பாட்டனின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டே பேரை மாற்றி மாற்றி நிற்கவைத்து ஏழு தலைமுறை காட்டினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மரத்துக்குப் பக்கத்தில் அவனுடைய பூட்டனின் படம், அதாவது அப்புவுக்குத் தகப்பன், கோட்டும் மணிக்கூட்டுச் சங்கிலியுமாகக் கதவளவு பெரிதாக நிற்கிறார். கோப்பி குடிக்கிறவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முறைப்பார்.

அதையும் பொறுத்திருப்பேன். இந்த வசந்த காலத்தில் மெலனியின் வகுப்பில் குடும்ப மரம் செய்துகொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை அட்டையும் பசையுமாக என் முன்னால் வந்து இருந்தாள்.

“அப்பா, உங்கட அப்பாவின்ர அப்பாவுக்கு என்ன பேர்?”

“அப்பு.”

“அது பேரில்லை. பேரைச் சொல்லுங்கோ.”

“நாங்கள் அப்பு எண்டுதான் கூப்பிட்டனாங்கள்.”

“சரி, அவரின்ர அப்பாவுக்கு?”

“அவரையும் ஆரோ அப்பு எண்டுதான் கூப்பிட்டிருப்பினம்.”

பெரியவர்களின் பெயரைச் சொன்னால் வாயில் மிளகாய் பூசுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும்? பூசியது நீங்கள்தான், மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை பொறுமையாக எழும்பிப்போய் ஸ்டுட்கார்ட்டுக்கு ஃபோன் எடுத்தாள். அவன் மினக்கெட்டு எல்லாவற்றையும் அனுப்பினான். முடிந்த மரத்தைப் பார்த்தேன் அக்கா. ரஞ்சினியின் பக்கம் நிறையப் பெயர்கள். அந்தப் பக்கத்தில் சித்தியின் புருஷன் என்று அல்பிரட்டையும் ஒட்டி, அவன் தலைக்கு மேல் மரியாம்பிள்ளைகளும் சவிரிமுத்துகளும், உச்சியில் கோட் போட்ட பூட்டன். என் பக்கத்தில் நான் மட்டும். எனக்கு மேல் ஒரு கேள்விக்குறி. நல்ல வடிவான கேள்விக்குறி, பச்சைப் பென்சிலால் நிறமும் தீட்டியிருந்தாள். எங்கேயோ முளைத்துவந்தவன் மாதிரி அதற்குக் கீழே நான்.

பள்ளிக்கூடத்தில் அதை வாசல் சுவரில் ஒட்டினார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போன இடத்தில் ஒரு ஜெர்மன்காரத் தாய் அந்தக் கோட்டுக்காரரைக் காட்டி, என்ன கம்பீரமான மனிதர், உங்களுடைய முன்னோரா என்று கேட்டா. ஓம் என்று சொல்லிவிட்டேன். என் வாயாலேயே அவனுடைய பூட்டனை என்னுடையவர் என்று சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ எரியத் தொடங்கியது. என் பிள்ளை தன்னை ஆருடைய பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வளரப்போகிறாள் என்று யோசித்து யோசித்து வேலை செய்கிற பேக்கரியில் ஒரு தட்டுப் பாணைக் கருகவிட்டேன்.

அதனால்தான் எங்கள் முன்னோரின் பெயரும் படமும் கேட்டு மே மாதம் அப்படி ஒரு கடிதம் உங்களுக்கு எழுதினேன். எங்கள் கோயில் புத்தகங்கள் இடம்பெயர்வோடு போய்விட்டன என்றும் மிஞ்சியதைக் கறையான் தின்றுவிட்டது என்றும் நீங்கள் பதில் போட்டபோது மனம் உடைந்துபோனேன். ஆனால் அதே உறைக்குள் பூட்டனின் படத்தை வைத்து, “கண்ணைப் பார் தம்பி, உன்ர கண்தான்” என்று எழுதியிருந்தீர்களே, அன்றைக்கு நான் கண்ணாடிக்கு முன்னால் நின்ற நேரத்தைப் பார்த்து ரஞ்சினி பயந்துவிட்டாள். கண் மட்டுமில்லை, காதும் அப்படியே என் காதுதான். எங்கள் பூட்டனும் கோட் போட்டிருந்தார். சங்கிலியும் இருந்தது. கை ஊன்ற ஒரு வட்ட மேசை, மேசையில் தடித்த புத்தகம். எங்கள் பரம்பரையில் புத்தகம் வாசித்த ஒருவர் இருந்தார் என்பதே எனக்குப் புதினம்.

உடனே கொண்டுபோய்ப் பெருப்பிக்கக் கொடுத்தேன். அல்பிரட்டின் படத்தைவிட ஒரு சாண் கூட இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு சாணால் பூட்டன் டிராமுக்குள் ஏறமாட்டேன் என்றுவிட்டார். மழைக்குள் தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்தேன். லிஃப்டுக்குள்ளும் கொள்ளவில்லை. கீழ் வீட்டு ஃபிராவ் ஷுல்ட்டே ஒரு நுனியைப் பிடிக்க, நான் மறு நுனியைப் பிடிக்க, படிகளில் ஏற்றினோம். கடைசி வளைவில் அந்த மனுசி படத்தை நிமிர்ந்து பார்த்து, இறந்து எவ்வளவு நாள் என்று துக்கமாகக் கேட்டா. கனகாலம் என்றேன்.

சகல ஆத்துமாக்களின் திருநாளுக்கு அல்பிரட் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, றால் பொரியல். சாப்பிட்டு முடியும்வரை படத்தைப் படுக்கைச் சீலையால் மூடி வைத்திருந்தேன். பிறகு இழுத்தேன். வதனி வாயில் கை வைத்தாள். அல்பிரட் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தான். எனக்கு அந்த நிமிடம் போதும் போல இருந்தது. பிறகு அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனான்.

“அண்ணை, இது எங்கட பூட்டன்ர கோட்டெல்லோ?”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?”

“மூண்டாவது பொத்தான் இல்லை பாருங்கோ. எங்கட படத்திலயும் இல்லை. மேசையும் அதுதான். புத்தகமும் அதுதான்.”

“அப்ப எங்கட பூட்டன்ர கோட்டைத்தான் உங்கட பூட்டன் இரவல் வாங்கியிருப்பார்.”

“எங்கட ஆள் ஏன் இரவல் வாங்கவேணும்? உங்கட ஆளுக்குக் கோட்டுக் கை முழங்கைக்குக் கிட்ட நிக்குது.”

“உங்கட ஆளுக்குத் தோள் தொங்குதே, அதுக்கு என்ன சொல்லுறாய்?”

ரஞ்சினிதான் நடுவில் வந்து, “அது ஸ்ரூடியோக்காரன்ர கோட். வாறவன் போறவன் எல்லாருக்கும் அதைத்தான் மாட்டிவிடுறவன். எங்கட அம்மப்பாவும் அதோடதான் நிக்கிறார். இதுக்குப் போய் அடிபடுறியள்” என்றாள். நாங்கள் இருவரும் ஏக காலத்தில் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னோம். அல்பிரட் அளந்து பார்க்க அடிமட்டம் கேட்டான். நான் கொடுக்கவில்லை. இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம் தொடாமல் இருக்க, அவன் பிள்ளைகளுக்குச் சப்பாத்தை மாட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மெலனி அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள்.

ஆகையால் அக்கா, நீங்கள் உடனடியாகச் செய்யவேண்டியது என்னவென்றால், அந்த ஸ்ரூடியோக்காரரின் வாரிசுகள் யாராவது பட்டினத்தில் இருக்கிறார்களா என்று அத்தானை விட்டு விசாரிப்பது. கோட் எங்கள் பூட்டனுடையது, படமெடுத்த பிறகு பெருந்தன்மையாக அங்கேயே விட்டுவிட்டுப் போனார் என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். சுவாமியாரின் முத்திரையும் குத்தினால் நல்லது. அல்பிரட்டிடம் முத்திரை இல்லை.

மாதா உங்களையும் அத்தானையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்க மன்றாடுகிறேன். அயலில் கேட்டவர்களுக்கெல்லாம் என் அன்பைச் சொல்லவும். அல்பிரட்டின் சொந்தக்காரர் கேட்டால் சொல்லத் தேவையில்லை.

இப்படிக்கு
உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி
ஞானசுந்தரம்

பி.கு.: இதை உறையில் போட்டு எச்சில் தடவும்போதுதான் உங்கள் ஃபோன் வந்தது. அத்தான் அல்பத்தில் தன் பாட்டனின் படத்தைக் காணவில்லை என்று தேடுகிறார் என்றும், அது இப்போது என் சுவரில் நிற்கிறது என்றும் சொன்னீர்கள். “எங்கட ஆக்களின்ர படம் ஒண்டும் மிஞ்சேல்லையடா. நீ கேட்டாய், இல்லையெண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை” என்றீர்கள். நான் ஃபோனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை, மறுபடியும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். என்னுடையது என்று நான் பெருமைப்பட்ட காதும் அத்தான் வீட்டுக் காது. மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அல்பிரட்டுக்கு ஃபோன் எடுத்து, கோட்டை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவன் சந்தேகப்படுகிறான். அத்தானின் பாட்டனை மறுபடி படி இறக்க ஃபிராவ் ஷுல்ட்டேயைக் கேட்க முகமில்லை, அவர் இங்கேயே இருக்கட்டுமா என்று அத்தானிடம் கேட்டுச் சொல்லவும்.

மெலனிக்கும் உண்மையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். “மாமி ஏன் உங்களுக்காகப் பொய் சொன்னவ?” என்று கேட்டாள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தது அவதான் என்றேன். “அதை ஏன் எனக்கு முதல்லயே சொல்லேல்லை?” என்று சொல்லிவிட்டு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்திருந்த மரத்தை எடுத்துக் கேள்விக்குறியை அழித்து, எனக்கு மேலே, தாய் இருக்கவேண்டிய இடத்தில், உங்கள் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஒட்ட உங்கள் படம் ஒன்று வேண்டுமாம், உங்களுடையதாகவே பார்த்து அனுப்புங்கள். பெயரை என் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதியிருக்கிறாள் அக்கா. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.